நீர்மாலை திரும்பும் வரை

எழவு வீட்டுப் பந்தலுக்குள் ஆவுடைத்தாய் காலெடுத்து வைத்ததும் அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இருக்காதா பின்னே? பன்னிரண்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவள். செத்துக் கிடப்பவளும் யாரோ எவரோ இல்லை, கூடப் பிறந்த அக்கா முப்பிடாதி. பிறந்த வீட்டுப் பொம்பளை வந்தால் அவள்தான் முதல் குரல் எடுக்க வேண்டும், மற்றவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழ வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. பகை தீராமல் வருகிறவள் மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்து, பிணத்தைத் தூக்கியதும் எழுந்து போய்விடுவாள். இவள் இரண்டில் எதைச் செய்யப் போகிறாள் என்று பார்க்கத்தான் அந்த அமைதி. ஆவுடைக்கு இது தெரியாமல் இல்லை. காலையில் அக்கா மகள் செண்பகம் போனில் “சித்தி, அம்மை போயிட்டா” என்று சொன்ன நேரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், பஸ்ஸிலும் பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் இங்கே வந்து கொட்டத்தான் சேர்த்து வைத்திருந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அக்கா படுத்திருந்தாள். நெற்றியில் காசு. வாய் பிளந்துவிடாமல் இருக்க நாடியைத் தூக்கி உச்சந்தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். பல் வலிக்காரி மாதிரி இருந்தாள். அதைப் பார்த்ததும் ஆவுடைக்கு நெஞ்சு தாங்கவில்லை. எக்கா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட வாயைத் திறந்தாள், திறந்த மட்டும் திறந்தாள். இரண்டு காதுக்கும் முன்னால் டக்கென்று ஏதோ இடத்தை விட்டு இறங்கியது. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மூட வரவில்லை. உள்ளங்கையால் நாடியைத் தள்ளிப் பார்த்தாள், உயிர் போகிற வலி. எச்சில் உதட்டைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு வேறு என்ன செய்யத் தோன்றும்? தலைப்பை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். தீர்ந்தது. ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தங்கள் அழுகையை ஆரம்பித்தார்கள்.

முதலில் வாதம் என்றுதான் பயந்தாள். மாமியாருக்கு வாதம் வந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனதே, இது கோணவில்லையே, நேராகத்தானே தொங்குகிறது. கையை மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. கால் விரலை அசைத்தாள், அசைந்தது. கண் இரண்டும் சரியாகத் தெரிகிறது, அக்கா மூக்கில் வைத்த பஞ்சு வரைக்கும் தெரிகிறது. அப்படியென்றால் வாதம் இல்லை. வேறென்ன? அந்த டக். அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறாள், கேட்டிருக்கிறாள் என்பதைவிடக் கையில் பிடித்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று மனசைத் திருப்பினாள். மனசு சொன்னபடி கேட்டால் அது என்ன மனசு? அண்ணன் பெண்டாட்டி ராமலெட்சுமி பக்கத்தில் நகர்ந்து வந்து தோளை இடித்தாள். “ஏ ஆவுடை, ஒரு சத்தமாவது குடு. ஊரே பாக்குது.” ஆவுடை தலையை ஆட்டினாள். முடியவில்லை மதினி என்று ஆட்டினாள். மாட்டேன் என்று ராமலெட்சுமி எடுத்துக்கொண்டாள். “எம்புட்டு வைராக்கியம்டி ஒனக்கு! கட்டையில போறவகிட்டயுமா?” தலைப்பை எடுத்துக் காட்டிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. காட்டினால்? ஐயோ, முப்பிடாதி தங்கச்சியப் புடிச்சிட்டா என்று ஒருத்தி கத்துவாள், இன்னொருத்தி வேப்பங்குழையை ஒடிக்க ஓடுவாள், விவரமானவள் எவளாவது இருந்தால் ஆட்டோவில் ஏற்றிக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள். செண்பகமும் அவள் மாப்பிள்ளையும் பங்காளிகளும் குளிப்பாட்டுகிற தண்ணீர் எடுக்க, நீர்மாலைக்கு, இப்போதுதான் சங்கு ஊதிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். இவள் தெருவுக்குள் நுழையும்போது எதிரே அவர்கள். செண்பகம் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவர்கள் திரும்பி வந்தால் குளிப்பாட்டு, வாய்க்கரிசி, தூக்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் அக்கா சாம்பலாகிவிடுவாள். வாய் எப்படிப் போனால் போகட்டும், அந்த முகத்தை மூடுவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எக்கா என்று கூப்பிட்டுவிட வேண்டும். அதற்காகத்தானே வந்தாள். தலைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தாள்.

மனசு சுற்றிச் சுற்றி அந்த டக்கிடமே வந்து நின்றது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்கா வீட்டுச் செவலைப் பசு சினை முற்றி நின்றது. செண்பகம் பெரிய மனுஷி ஆகியிருந்தாள், சடங்குக்கு ஆள் சொல்ல அக்காவும் அத்தானும் வெளியூர் போயிருந்தார்கள். மாட்டப் பாத்துக்கோடி, ஒன்ன நம்பித்தான் போறேன் என்று அக்கா சொல்லிவிட்டுப் போனாள். ஒன்ன நம்பித்தான். மத்தியானம் பசு முக்க ஆரம்பித்தது. முதலில் வெளியே தெரிந்த குளம்பு இரண்டும் வானத்தைப் பார்த்து இருந்தன. அப்படி இருந்தால் பின்னங்கால், தலை கடைசியில் வரும், தாமதித்தால் கன்று உள்ளேயே மூச்சு முட்டிப் போகும் என்று ஆவுடைக்குத் தெரியும். மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினாள், அவர் வேறு ஊர் முகாமுக்குப் போயிருந்தார். எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கொண்டிருப்பது? வழுவழுவென்றிருந்த காலில் கயிற்றைச் சுருக்குப் போட்டுச் சுவரில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். பசு கத்தியது. இன்னும் இழுத்தாள். அப்போதுதான் கயிறு வழியாகக் கைக்குள் வந்தது அந்த டக். எலும்பு முறிந்தால் வருகிற சத்தமில்லை. கிண்ணத்திலிருந்து மூடி நழுவுகிற மாதிரி ஒன்று. கன்று வந்துவிட்டது, மூச்சும் விட்டது, பசு நக்கி நக்கிக் காய வைத்தது, இவள் சந்தோஷத்தில் அழுதுகூட விட்டாள். மறுநாள்தான் தெரிந்தது. கன்று எழுந்திருக்கப் பார்க்கும், முன்னங்கால் ஊன்றும், பின்னால் ஒரு கால் தொடையோடு வெளியே திரும்பிக்கொண்டு இழுபடும், விழும். மறுபடி எழுந்திருக்கப் பார்க்கும். பசு மடியைக் கொண்டுவந்து அதன் மேலேயே நிற்கும், கன்றால் எட்ட முடியாது. இவள் பாலைக் கறந்து புட்டியில் கொடுத்தாள், தொடைக்குச் சூடு வைத்தாள், மூங்கில் வைத்துக் கட்டினாள். நான்காம் நாள் கன்று போய்விட்டது. இழுக்காமல் விட்டிருந்தால் அன்றைக்கே செத்திருக்கும். இழுத்ததால் நாலு நாள் கழித்துச் செத்தது. இதைத்தான் பன்னிரண்டு வருஷமாக ஆவுடை தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள், ஒரு தடவை சரியாகத் தோன்றும், மறு தடவை தோன்றாது. கொஞ்சம் கீழ்ப் பார்த்து இழுத்திருந்தால்? இரண்டு காலையும் சமமாகப் பிடித்திருந்தால்? கேட்டு என்ன ஆகப் போகிறது.

கன்றுகூட ஆறிப்போயிருக்கும். அக்கா சொன்ன சொல்தான் ஆறவில்லை. தெருவில் நாலு பேர் கூடி நிற்க, செத்த கன்றை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில், ஆத்திரம் கண்ணை மறைக்க முப்பிடாதி சொன்னாள்: “ஒன் கை வெளங்காத கைடி. ஒன் வயித்துல பெறந்ததே தங்கல, என் மாட்டுக்குப் பெறந்ததா தங்கப் போகுது?” ஆவுடைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் பேர் வைக்கிற நாள் வரைக்கும் இருக்கவில்லை. இரண்டு பிரசவத்திலும் தலைமாட்டில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தவள் இதே முப்பிடாதி. இரண்டையும் துணியில் சுற்றிக் கையில் வாங்கிப் போனவளும் அவளே. யார் சொன்னாலும் தாங்கியிருப்பாள், நீ சொல்லலாமாக்கா? அப்போது பதில் பேசவில்லை. நாக்கு இருந்தது, வாய் இருந்தது, பேசவில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், அவர் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸ் பக்கத்திலேயே வீடு பாருங்கள், இந்த ஊர்த் தண்ணீர் இனி எனக்கு வேண்டாம் என்றாள். சடங்குக்கும் வரவில்லை. செண்பகத்துக்கு எடுத்து வைத்த பட்டுப் பாவாடை பெட்டிக்குள்ளேயே இற்றுப் போனது. எச்சில் தலைப்பை நனைத்து முழங்கையில் சொட்டியது. காதுக்கு முன்னால் வலி கொதித்தது. ஆவுடை விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள், எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. அட, மூட்டு நழுவினதுதானா, கன்றுக்கும் தொடையில் இப்படி ஒரு குழி இருந்ததே. அக்காவுக்கும் இவளுக்கும் சின்ன வயசிலேயே மூட்டெல்லாம் லேசு. கட்டை விரலை மணிக்கட்டில் படுகிற மாதிரி மடக்குவார்கள், முழங்கையைப் பின்பக்கம் வளைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அலறும். அக்கா அதைக் காட்டிக் காட்டியே நெல்லிக்காய் வாங்கிவிடுவாள், பாதி இவளுக்கு. பாதி என்ன பாதி, முக்கால்வாசி. ஆவுடைக்கு இந்த நினைப்பு இந்த நேரத்தில் ஏன் வருகிறது என்று கோபம் வந்தது. உள்ளேயிருந்து ஓர் அழுகை புறப்பட்டு வந்து, சொல்லாக மாட்டாமல், ஆ… என்று மாடு கத்துகிற மாதிரி வெளியே வந்துவிட்டது. தலைப்பை வாய்க்குள் திணித்து அடக்கினாள். எதிரே இருந்த ஒருத்தி மற்றவளிடம், “இவ என்ன, சிரிக்காளா?” என்று கேட்டது காதில் விழுந்தது.

சிரிக்கிறாளா. இதே வார்த்தையைத்தான் ஆவுடையும் அக்காவைப் பற்றிச் சொன்னாள். ஊரை விட்டுப் போய் ஐந்தாறு வருஷம் கழிந்திருக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பூக்காரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், எதிர்ச்சாரியில் அக்காவும் செண்பகமும். முப்பிடாதி பார்த்துவிட்டாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததா இல்லையா? மலர்ந்தது என்று ஒரு நாள் தோன்றும், இல்லை என்று மறுநாள் தோன்றும். வாயைத் திறந்தாள், அது நிச்சயம். கூப்பிடப் போகிறாள் என்று ஆவுடைக்குக் கால் பரபரத்தது. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாள், சத்தியமாகப் போயிருப்பாள், நடுவில் பஸ் வந்தாலும் குறுக்கே விழுந்து ஓடியிருப்பாள். கூப்பிடவில்லை. திறந்த வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். கையை எடுத்து இவளைக் காட்டினாள், மகளிடம் என்னமோ காட்டினாள், காட்டிக்கொண்டே தோள் குலுங்கியது. மகள் அவளை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். பார், பிள்ளையில்லாதவ நிக்கா பார் என்று மகளுக்குக் காட்டிச் சிரிக்கிறாள். அப்படித்தான் ஆவுடை எடுத்துக்கொண்டாள், அன்றைக்கு ராத்திரி முழுக்க அப்படித்தான் அழுதாள். அதற்குப் பிறகு அக்கா ஆள் மேல் ஆள் அனுப்பினாள். ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க என்று ராமலெட்சுமியிடம் சொல்லி அனுப்பினாள், சீக்கு முற்றிப் படுத்த பிறகும் சொல்லி அனுப்பினாள். பஸ் ஸ்டாண்டில் சிரிக்கத் தெரிந்தவளுக்கு இங்கே வந்து கூப்பிடத் தெரியாதா என்று ஆவுடை பிடிவாதமாக இருந்துவிட்டாள். இப்போது இவளே தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது, இவளைப் பார்த்து ஒருத்தி சிரிக்கிறாளா என்று கேட்கிறாள். அப்படியானால் அக்காவும் அன்றைக்கு… இருக்குமோ? சே, இருக்காது, அதெப்படி இருக்கும். இருக்குமோ? அதற்குள் தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டுவிட்டது.

நீர்மாலை வந்துவிட்டது. நாலு பேர் மேலே வேட்டியை விரித்துப் பிடித்திருக்க, நனைந்த சேலையோடு, தலையில் குடத்தோடு செண்பகம் முன்னால் வந்தாள். பந்தல் முழுக்க ஒரே பரபரப்பு. பெட்டியைத் திற, பெஞ்சைப் போடு, மறைப்புக் கட்டு என்று ஆளுக்கொரு சத்தம். குடத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்த செண்பகம், எல்லாரும் இழுத்துத் தள்ளுகிற நேரத்தில், சித்தியை உற்றுப் பார்த்தாள். தலைப்பைப் பார்த்தாள், முழங்கை வரை வழிந்திருந்த எச்சிலைப் பார்த்தாள். நேரே வந்து முன்னால் மண்டியிட்டு, “கைய எடுங்க சித்தி” என்றாள். ஆவுடை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். செண்பகம் தலைப்பை உருவிவிட்டாள். “அய்யோ! அம்மைக்கு வாரதுல்லா இது!” சுற்றி நின்றவர்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். ராமலெட்சுமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “எம்மா, நான் என்னெல்லாம் பேசிட்டேன்” என்றாள். செண்பகம் யாரையும் சட்டை செய்யவில்லை. நாடிக்கட்டுக்குக் கிழித்ததில் மிச்சமிருந்த வெள்ளைத் துணியை எடுத்து இரண்டு கட்டை விரலிலும் தடிமனாகச் சுற்றிக்கொண்டாள். “எதுக்கும் பயப்படாதீங்க. அம்மைக்கு எத்தன தடவ போட்டு விட்டுருக்கேன். டாக்டர் சொல்லிக் குடுத்தது.” விரலை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்தாள். கை வேலை பார்க்க, வாய் பேசிக்கொண்டே இருந்தது, சின்னப் பிள்ளைக்கு ஊசி போடும்போது பேச்சுக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. “மொதத் தடவ இது எங்க வச்சு வந்துச்சு தெரியுமா? பஸ் ஸ்டாண்டுல. ஒங்களப் பாத்துட்டா. ஆவுடைன்னு கூப்பிட வாயத் தெறந்தா பாருங்க, அப்படியே நின்னுட்டு. வாயப் பொத்திக்கிட்டுக் கையக் கைய ஒங்க பக்கமே காட்டுதா, அழுகா, கூட்டிட்டு வான்னு காட்டுதான்னு எனக்குப் புரியல சித்தி. நான் பயந்துபோயி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு ஓடிட்டேன். பெறகு வந்து என்னத் திட்டுனா பாருங்க, சித்திய விட்டுட்டு ஓடி வந்துட்டியேன்னு.” சொல்லிக்கொண்டே கீழே அழுத்திப் பின்னால் தள்ளினாள். டக். வாய் மூடிக்கொண்டது.

கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. பல்லுக்குள்ளேயே கேட்டாள். “இத ஏன்ட்டி எனக்குச் சொல்லல?” செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வாய் கழண்டு போச்சுன்னு ஆள்கிட்டச் சொல்லி விடவா முடியும்? வெக்கப்பட்டா. அவ வரட்டும், நேர்ல சொல்லிக்கிடுதேன்னா.” பிறகு விரல் துணியை அவிழ்த்துக்கொண்டே கண்டிப்பாகச் சொன்னாள்: “கத்தி அழுதுராதீங்க. வாயப் பெருசாத் தெறந்தா மறுபடி கழண்டுரும். ரெண்டு நாளைக்குக் கொட்டாவி கூடக் கையக் குடுத்துத்தான் விடணும்.” நல்ல பிள்ளை, நல்ல நேரம் பார்த்துச் சொன்னாள். மறைப்புக்குள் குளிப்பாட்டினார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தினார்கள். வாய்க்கரிசிக்காக நாடிக்கட்டைத் தளர்த்தியபோது அக்காவின் உதடு கொஞ்சம் பிரிந்தது. ஆவுடை அரிசியை எடுத்து உதட்டில் வைத்தாள். உதடு ஜில்லென்று இருந்தது. ஆறேழு வருஷம், ஒரு பஸ் ஸ்டாண்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்ற ஆறேழு வருஷம். நான் சாலையைத் தாண்டி வந்திருக்கக் கூடாதா? நாலு எட்டுத்தானே? வாயைத் திறந்தால் கழன்றுவிடும் என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல், பொம்பளைகள் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். யாரோ கோவிந்தா சொன்னார்கள். தூக்கிவிட்டார்கள். பொம்பளைகள் அத்தனை பேரும் தெருவில் விழுந்து அடித்துக்கொண்டு அழுதார்கள்.

பாடைக்குப் பின்னால் ஓட வேண்டிய செண்பகம் ஓடவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு சித்தியிடம் வந்தாள். பின்னால் நின்று ஒரு கையை ஆவுடையின் நாடிக்குக் கீழே முட்டுக்கொடுத்தாள். மறு கையால் உச்சந்தலையை அழுத்திக்கொண்டாள். ஈரச் சேலை முதுகில் ஒட்டியது. “அழுங்க சித்தி,” என்றாள். “நான் புடிச்சிருக்கேன்.” ஆவுடை வாயைத் திறந்தாள். அந்தக் கை விட்ட அளவுக்குத்தான் திறக்க முடிந்தது, அது போதுமாக இருந்தது. ராகம் எதுவும் வரவில்லை, ஒப்பாரிக்கு என்று சேர்த்து வைத்திருந்த சொல் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். “எக்கா… எக்கா… நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுருச்சுக்கா.” பாடை போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் அதையே சொன்னாள், மறுபடியும். தெரு திரும்பும் வரை செண்பகம் கையை எடுக்கவில்லை.